வட்ட வீடு (தென் சென்னைப் புறநகர்)

வட்ட வீடு என்பது வட்டமான சுற்றுச்சுவரும் நடுவில் உயர்ந்த கூம்புக் கூரையும் கொண்ட வீடு. வட ஆந்திரக் கடலோரத்தில் இதைச் ‘சுட்டில்லு’ என்பார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் இதற்குப் ‘புங்கா’ என்று பெயர். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் நேர்ச்சுவர் வீடுகள் சரிந்த ஊர்களிலும் நன்றாகக் கட்டிய புங்காக்கள் நின்றன. தாம்பரம் வட்டாரத்தில் இது ஊர் வழக்கம் இல்லை. நேரில் பார்க்க விரும்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்குப் போகலாம். அங்கே 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் விசாகப்பட்டினம் பகுதிச் சுட்டில்லு ஒன்று இருக்கிறது. மண்சுவரின் மேல் ஓலைக்கூரை தாழ இறங்கி நிற்கும். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அந்தத் தாழ்வால் சுவரில் வெயிலும் சாரலும் அதிகம் படுவதில்லை. புயற்காற்றும் முட்டி நிற்க முகப்பின்றிச் சரிவில் வழுக்கிப் போகிறது.

அளவும் சிக்கனமும்

30 அடி விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 707 சதுர அடி, சுற்றுச்சுவர் 94 அடி. அதே பரப்பைச் சதுரமாகக் கட்டினால் சுவர் 106 அடி ஆகும். செங்கல், பூச்சு, வெயில் படும் முகம் மூன்றும் ஒன்பதில் ஒரு பங்கு குறைகின்றன. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வட்டத்தையும் வளைசுவரையும் விரும்பிக் கையாண்டதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

கட்டுமுறை எளிதுதான். நடுவில் ஒரு முளை அடித்து, அதில் நூல் கட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் நூலைச் சுற்றிப் பார்த்துக் கல் வைக்க வேண்டும். வளைவு இறுக்கமாக இருந்தால் கல்லின் குறுகிய முகம் வெளியே தெரியும்படி வைப்பார்கள். நீளவாட்டில் வைத்தால் வெளிப்பக்க இடுக்கு அகன்று கலவை வீணாகும். கிணற்றுக்கு வட்டச்சுவர் எழுப்பிய கொத்தனாருக்கு இது பழகிய வேலை.

வெப்பக் காப்பு

குளிர்நாட்டு நூல்கள் சுவருக்குத் தடித்த காப்பு போடச் சொல்கின்றன. இங்கே அந்தச் செலவு வீண். தாம்பரம் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே வீட்டைச் சுடவைப்பது முதலில் கூரைதான்.

2018-இல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு (யு மதிப்பு) 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு உரிய கணக்கு இது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது மூன்றைத் தாண்டும். தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, 50 மி.மீ. காப்புப் பலகை, அதன்மேல் கலவை, கடைசியில் வெள்ளை ஓடு என்று அடுக்கினால் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். கூம்புக் கூரையாக மங்களூர் ஓடு வேய்பவர்கள் அடியில் சீலிங் ஓடு பதித்து, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட வேண்டும். ஓலை நல்ல காப்புதான். ஆனால் நெருக்கமான தெருவில் தீ ஆபத்து உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

சுவர் விஷயத்தில் வட்டத்துக்கு ஒரு குறை உண்டு. நீள்சதுர வீட்டின் குறுகிய பக்கத்தை மேற்கே திருப்பிவிடலாம். வட்டத்தை எப்படித் திருப்பினாலும் மாலை வெயில் வாங்கும் பகுதி குறையாது. மூன்றடி இறவாணம், மேற்கே குளியலறையும் சாமான் அறையும், வெளியே ஒரு புங்கமரம் ஆகியவையே இதற்குப் பரிகாரம். சுவருக்கு எலிப்பொறிக் கட்டு பொருந்தும். நடுவே வெற்றிடம் விட்டு அடுக்குவதால் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகும், வெப்பமும் தணியும்.

வெறுமனே கனத்த மண்சுவரை நம்பக் கூடாது. புழுக்கமான இரவில் அது பகல் சூட்டை உள்ளே விடும், வியர்வை ஆறாது. காற்றோட்டமே இங்கே உயிர். பிற்பகல் கடற்காற்று வரும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் பெரிய சன்னல் வேண்டும். காற்று வட்டச்சுவரைச் சுற்றி ஓடும்போது பக்கவாட்டில் உறிஞ்சும் விசை உண்டாகிறது. வெளியேற்றும் சன்னல்களை அங்கே வைக்கலாம். கூம்பின் உச்சியில் தொப்பி மூடிய திறப்பு இருந்தால் மேலே தேங்கும் வெப்பக்காற்று வெளியேறும்.

வெள்ளமும் புயலும்

2015 டிசம்பர் 1–2 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. மண்கல் வீடு கட்டுவோர் பீடத்தை அந்த ஆண்டு நீர் நின்ற மட்டத்துக்கு மேலே கருங்கல்லால் உயர்த்த வேண்டும். மண்கற்களில் ஏறக்குறைய 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்துவது ஆரோவில் மண்கட்டிட நிறுவனம் பரப்பிய முறை. சென்னைக்குக் கட்டிட நெறியில் குறித்த அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு ஓடுகளையும் சட்டங்களையும் ஏன் இறுகக் கட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கே பொருந்தும்

ஒரு கிரவுண்டு மனை பெரும்பாலும் 40க்கு 60 அடி. இருபுறமும் ஐந்தடி விட்டால் 30 அடி வட்டம்தான் அடங்கும், நான்கு மூலையும் வெறுமனே கிடக்கும். பீரோவும் கட்டிலும் வளைசுவரில் ஒட்டாது. சேலையூர், குரோம்பேட்டை போன்ற நெருக்கமான இடங்களில் நேர்ச்சுவர் வீட்டுக்கு நல்ல கூரைக்காப்பு போடுவதே அறிவு. படப்பை, மண்ணிவாக்கம் பக்கம் அகலமான மனை வைத்திருப்பவர்கள் தாராளமாக வட்டமாகக் கட்டலாம். அவர்களும் பணத்தை முதலில் கூரையில் போடட்டும்.