கூடாரத்து அரசிகள் – 7: மறுமணத்தை மறுத்த கைம்பெண்

கணவனை இழந்த சோர்காக்தானி பெகிக்கு மறுமணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை குயுக், கணவனின் அண்ணன் மகன். பேச்சை எடுத்தவர் அந்த அண்ணனே. செங்கிஸ் கானுக்குப் பின் மங்கோலியப் பேரரசின் அரியணையில் அமர்ந்த ஒகதாய் கான். கைம்பெண்ணைக் கணவன் குடும்பத்து ஆணொருவருக்கே மணமுடித்து வைப்பது ஸ்டெப்பி புல்வெளியில் காலங்காலமாக இருந்துவந்த வழக்கம். அதனால் இதை யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள்.

சோர்காக்தானி மறுத்தார். கானின் விருப்பத்தைத் தட்டத் தனக்கு ஏது உரிமை என்று பணிவாகத் தொடங்கி, பிள்ளைகளை ஆளாக்குவதைத் தவிரத் தனக்கு வேறு எண்ணமில்லை என்று முடித்தார். கணவர் தொலுய் இறந்தது 1232இல். அப்போது மூத்த மகன் மோங்கேவுக்கு 23 வயது. அடுத்தவன் குப்ளாய்க்குப் பதினேழு. வளர்த்து ஆளாக்க வேண்டிய பாலகர்கள் இல்லை இவர்கள். அது சாக்கு என்பது கானுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் தாய்மையைக் காரணமாகச் சொல்லும் ஒரு பெண்ணை வற்புறுத்த அவரால் முடியவில்லை.

கானுக்கு இந்தத் திருமணத்தில் அத்தனை அக்கறை ஏன்? மங்கோலியரிடம் தந்தையின் அடுப்பும் மனையும் கடைசி மகனுக்குத்தான். செங்கிஸ் கானின் பட்டத்தரசி பெற்ற நான்கு மகன்களில் தொலுய் கடைசி. பேரரசின் 1,29,000 வீரர்களில் 1,01,000 பேர் அவர் பங்குக்கு வந்ததாகக் கணக்குத் தருகிறார் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன். பட்டம் அண்ணனிடம், படை தம்பி வீட்டில். தம்பியின் மனைவி குயுக்கை மணந்திருந்தால் அந்தப் படையும் ஒகதாய் வீட்டுக்கே போயிருக்கும். சோர்காக்தானி மறுத்தது ஒரு மாப்பிள்ளையை மட்டுமல்ல.

மறுக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அறிய, 'ஓர்தா' என்ற சொல்லுக்குள் போக வேண்டும். ஓர்தா என்றால் பாளையம். நமக்குத் தெரிந்த 'உருது' மொழியின் பெயரும் இந்தச் சொல்லின் வழி வந்ததுதான். மங்கோலிய அரசகுலத்தின் ஒவ்வொரு முதன்மை மனைவிக்கும் தனி ஓர்தா உண்டு. அவருக்கென்று கூடாரங்கள், மந்தைகள், வண்டிகள், பணியாட்கள். கணவன் இறந்தால் அதை நிர்வகிப்பவரும் அவரே. 1253இல் அந்தப் பக்கம் பயணம் போன ருப்ருக் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி, செங்கிஸ் கானின் பேரன் பாத்து கானுக்கு 26 மனைவியர் என்றும், ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கூடாரம் என்றும், அவர்களுடைய வண்டிகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் என்றும் எழுதிவைத்தார். இருபது, முப்பது வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, முன்வண்டியில் அமர்ந்து ஒரே பெண் ஓட்டிப்போவதைப் பார்த்து வியந்திருக்கிறார். எண்பது ஆண்டு கழித்து வந்த பயணி இப்னு பதூதாவுக்கும் அதே வியப்பு. பட்டத்தரசி தைதுலா வரும்போது, பாத்துவின் வழிவந்த உஸ்பெக் கான் எழுந்து போய் வரவேற்றதை அவரால் மறக்க முடியவில்லை. அந்த மரியாதைக்குப் பின்னால் தைதுலாவுடைய மந்தையும் மக்களும் இருந்தார்கள்.

ஆனால் சோர்காக்தானி வெற்றிபெற்றவர் வீட்டில் பிறந்தவர் அல்லர். கெரைத் குலத்து அரசன் தொக்ருலின் தம்பி மகள். 1203இல் செங்கிஸ் கான் கெரைத்துகளை முறியடித்தபோது, தோற்ற குலத்துப் பெண்ணாகத்தான் தொலுய்க்கு மனைவியானார். கெரைத்துகள் கிறிஸ்தவர்கள், நம் மலபாரின் சிரியன் கிறிஸ்தவர்கள் அக்காலத்தில் சார்ந்திருந்த அதே கிழக்குத் திருச்சபையினர். கடைசிவரை அந்த நம்பிக்கையை விடாத இவர்தான், புகாராவில் ஒரு மதரஸா கட்ட ஆயிரம் பாலிஷ் எனும் வெள்ளிப் பாளங்களைக் கொடுத்து, அதற்கென நிலங்களும் வாங்கி எழுதிவைத்தார்.

1236இல் வட சீனத்தின் ஜென்டிங் பகுதி அவர் பங்குக்கு வந்தது. உழவர்களை விரட்டி விளைநிலத்தை மேய்ச்சல் காடாக்குவதே லாபம் என்று வாதிட்ட மங்கோலியத் தலைவர்கள் அப்போது இருந்தார்கள். சோர்காக்தானியோ உழுபவனை உழவிட்டு வரி வாங்கினார். பின்னாளில் சீனத்தை ஆண்ட குப்ளாய் இந்தப் பாடத்தைப் படித்தது தாயிடம்தான் என்பது என் எண்ணம். (சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டில் வரும் 'செகசை கான்' இந்தக் குப்ளாய்தான்.)

ஒருமுறை ஒகதாய் யாரையும் கேட்காமல் தொலுய் வீட்டுப் படையில் ஒரு பிரிவை எடுத்துத் தன் மகன் கோதானுக்குக் கொடுத்துவிட்டார். தளபதிகள் கொதித்தார்கள். நாமும் கானின் உடைமைதானே, செய்வதை அவர் அறிந்தே செய்கிறார் என்று சோர்காக்தானி அவர்களை அடக்கினார். பிற்பாடு அரியணைக்கான மோதலில் ஒகதாய் வீட்டார் பலர் எதிரணியில் நின்றபோது, கோதான் தரப்பு தொலுய் வீட்டோடு நட்பு பாராட்டியது.

1241இல் ஒகதாய் இறந்தார். அவர் மனைவி தொரெகெனே ஐந்தாண்டு பேரரசை ஆண்டார். பழைய அமைச்சர்களை நீக்கினார், தன் ஆட்களை வைத்தார், இளவரசர்களை வசப்படுத்தினார். 1246இல் மகன் குயுக்கை அரியணையில் ஏற்றியும் விட்டார். வரலாற்று நூல்களில் இவருக்குக் கிடைத்த பெயர் சூழ்ச்சிக்காரி. போரில் பிடிபட்டு வந்து இவருக்கு நெருங்கிய ஆலோசகரான பாரசீகப் பெண் ஃபாத்திமாவின் மேல் சூனியக் குற்றம் சுமத்தினார்கள். உடலின் துவாரங்களையெல்லாம் தைத்து, கம்பளத்தில் சுருட்டி ஆற்றில் எறிந்தார்கள்.

பட்டமேறிய இரண்டே ஆண்டில் குயுக் படையோடு மேற்கே புறப்பட்டார். குறி பாத்து கான் மேல் என்று ஊகித்த சோர்காக்தானி ரகசியமாக ஆளனுப்பி பாத்துவை எச்சரித்தார். குயுக் வழியிலேயே இறந்துபோக, நன்றி மறவாத பாத்து மோங்கேவை முன்மொழிந்தார். குரில்தாய் எனும் அரசகுலப் பேரவைக்கு வர ஒகதாய் வீட்டார் மறுத்தார்கள். மூன்றாண்டு அழைப்பு, பரிசு, சமாதானம், காத்திருப்பு. 1251 ஜூலை 1 அன்று மோங்கே கானானார்.

தொரெகெனே செய்ததற்கும் சோர்காக்தானி செய்ததற்கும் என்ன வேறுபாடு? இருவரும் கைம்பெண்கள். இருவரும் ஆதரவு திரட்டி மகனை அரியணையேற்றினார்கள். ஒருத்தி சூழ்ச்சிக்காரி, மற்றவள் உலகம் போற்றும் அறிவுடையாள் என்று எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, சோர்காக்தானியின் மகன் ஹுலாகுவிடம் வேலை பார்த்தவர். ரஷீதுத்தீன் அதே ஹுலாகுவின் வழிவந்தவர்களுக்கு அமைச்சர். சோர்காக்தானியின் பொறுமையையும் மதிநுட்பத்தையும் நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்தப் புகழுரையை நம்பித் தொரெகெனேயைத் தூற்ற என்னால் முடியாது.

குயுக்கின் மனைவி ஓகுல் கைமிஷ் கதை இன்னும் கொடியது. கணவன் இறந்தபின் மூன்றாண்டு ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். மோங்கே பட்டமேறியதும் அவர் மேலும் சூனியக் குற்றம். கைகளைத் தோலில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார்கள். விசாரணையில் ஆடையைக் களைந்தபோது, அரசன் தவிர வேறு யாரும் காணாத உடலை மற்றவர் எப்படிப் பார்க்கலாம் என்று கேட்டதாக ரஷீதுத்தீனே எழுதியிருக்கிறார். அவரையும் கம்பளத்தில் சுருட்டி ஆற்றில் எறிந்தார்கள்.

அந்த விசாரணை நடந்த இடம் சோர்காக்தானி பெகியின் ஓர்தா.

1252இன் தொடக்கத்தில் சோர்காக்தானி இறந்தார். பின்னாளில் பாரசீகத்தை வென்ற ஹுலாகுவும் சீனத்தை வென்ற குப்ளாயும் அப்போது அரியணைக்கு வெளியே நின்ற தம்பிகள் மட்டுமே. எண்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1335இல், கான்சுவில் இருந்த ஒரு சிலுவைக் கோயிலில், சீனத்தை ஆண்ட மங்கோலிய யுவான் அரசவை சோர்காக்தானிக்கு வழிபாடு நடத்தியதாகச் சீனப் பதிவு சொல்கிறது.

(தொடரும்)