கவாத்து

ஆவடி என்பது 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்டு அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா' என்பதன் தலைப்பெழுத்துச் சுருக்கம் என்று ஒரு கதை உலவுகிறது. டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே வந்தது 1961இல். சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியில் கூடியதே ஆவடியில்தான். தொழிற்சாலைக்கு முன்பே பெயர் இருந்தது. இதற்குமேல் அந்தக் கதைக்கு மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்பெயரில் இல்லாத படைவாடை அவ்வூரில் வழங்கும் வேறொரு சொல்லில் இருக்கிறது. அதை மோப்பம் பிடிக்க வேண்டியவர்கள் அங்கே கோட்டைவிட்டார்கள். சிறப்புக் காவல் படையினர் ஆவடி மைதானத்தில் காலையில் செய்வதும் கவாத்து. திருவள்ளூர் மாவட்டத்து மல்லிகைக்காரர் கார்த்திகை முடிவில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதும் கவாத்து. ஞாயிற்றுக்கிழமை யோவான் 15ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டால், திராட்சச்செடியைப் பிதா கவாத்து செய்கிறார் என்று பிரசங்கம் விரிகிறது. செடி விசுவாசி, கத்தி துன்பம், வெட்டு தண்டனை என்று விளக்கமும் தொடர்கிறது. இந்த விளக்கத்துக்குத் துணையாகக் 'கவை அற்றது கவாத்து' என்று பிரித்துக் காட்டுவாரும் உண்டு. என் மறுப்பு இந்தப் பிரிப்புக்கு.

கவை என்றால் பிளவுபட்ட கிளை. கவட்டை, கவண், கவடு எல்லாம் அதன் சுற்றம். பொருள் கவர்ச்சியாகத்தான் பொருந்துகிறது. ஆனால் கவையும் அறுதலும் சேர்ந்தால் கவையறு, கவையறவு என்று வரும், கவாத்து வராது. இடையிலுள்ள நெடிலுக்கும் ஈற்றிலுள்ள வல்லின இரட்டிப்புக்கும் புணர்ச்சி விதி எதுவும் கைகொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய தடை இலக்கியத்தின் மௌனம். கொய்தல், குறைத்தல், தறித்தல், கழித்தல், அரிதல், நறுக்குதல் எனச் செடிகொடிகளை வெட்டுவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததேயில்லை. அவ்வளவு சொற்களைக் கையாண்ட பழம்புலவர் எவரிடமும் கவாத்து இல்லை. ஆவடிக்கு அடுத்த திருமுல்லைவாயில் தலக்கதையில் தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. அவன் வாளால் கொடியை வெட்டுகிறான். அந்தக் கதையைச் சொல்லும் எவர் வாயிலும் அது கவாத்து ஆவதில்லை, ஆகவும் கூடாது. இன்றும் ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர், வேலிக்கு முள் வெட்டுபவர், புளியமரத்தில் கொப்பு கழிப்பவர் யாரும் தம் வேலையைக் கவாத்து என்பதில்லை. அந்தச் சொல் மல்லிகை, திராட்சை, தேயிலை, முருங்கை என்று கணக்குப் பார்த்து, காலம் பார்த்து, வரிசை பிடித்து நடும் பயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா வெட்டுவது வேறு, கவாத்து வேறு என்பதில் தோட்டக்காரர்கள் நம் சொல்லாராய்ச்சியாளர்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள்.

மைதானத்துக் கவாத்தின் பிறப்பில் ஐயமே இல்லை. அரபியில் காயிதா என்றால் விதி. அதன் பன்மை கவாயித். உருதுவில் அது இலக்கணத்துக்கும் படைப்பயிற்சிக்கும் பெயராயிற்று. தெலுங்கில் கவாது, தமிழில் கவாத்து. இலக்கணமும் அணிவகுப்பும் ஒரே சொல்லில் அடங்குவது வியப்பன்று. இரண்டும் விதிப்படி வரிசையில் நிறுத்துவதுதான். தோட்டத்துக் கவாத்தும் இதே சொல்தான் என்பது என் துணிபு. சிலர் வெட்டுதலைக் குறிக்கும் 'கத்உ' என்னும் அரபிச் சொல்லைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து கத்து வரலாம்; நடுவிலுள்ள 'வா' எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்லட்டும்.

படைச்சொல் தோட்டத்துக்குள் எப்படி நுழைந்தது? இலங்கை மலையகத்தைப் பார்த்தால் வழி தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழ்த் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்க அவர்களை நிறுத்திய இடம் பெரட்டுக்களம். பெரட்டு என்பது 'பரேடு'. அவர்கள் குடியிருந்த வரிசை வீடு லயம், அது 'லைன்'. அதே வாய்களில் தேயிலைச் செடியை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டமாக வெட்டும் வேலை கவ்வாத்து. அதற்கான வளைந்த கத்தி கவ்வாத்துக் கத்தி. பெரட்டும் லயமும் பாளையத்துச் சொற்கள் என்று ஒப்புக்கொண்டு, அவற்றோடு ஒரே லயத்தில் குடியிருந்த கவ்வாத்தை மட்டும் கவையின் பிள்ளை என்பது எந்த நியாயம்? மேடுபள்ளமான செடிகளை ஒரே மட்டத்தில் நிற்க வைக்கும் வேலைக்கு, ஆட்களை ஒரே வரிசையில் நிற்க வைக்கும் வேலையின் பெயர் ஏறியது இயல்பு. தெலுங்கில் கவாது படையோடு நின்றுவிட்டதே, தமிழில் மட்டும் ஏன் தோட்டத்துக்குள் வந்தது என்று கேட்கலாம். மலைத்தோட்டங்களில் வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள் என்பதே விடை. இரட்டித்த 'வ்'வைப் பிடித்துக்கொண்டு 'கவ்வு' என்னும் வினைக்கு ஓடுபவர்களுக்கு விடை தேவையில்லை.

இனி வேதாகமம். 18ஆம் நூற்றாண்டில் வேப்பேரியில் இருந்து மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைய பன்னீர் திராட்சை இல்லை. அதை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அதுதான். ஆகவே திராட்சைக்காரரின் தொழிற்சொல் பழைய மொழிபெயர்ப்பில் இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது. லேவியராகமம் 25இல் 'கிளைகழித்தல்', ஏசாயா 5இல் 'கிளை நறுக்குதல்', யோவான் 15இல் 'சுத்தம்பண்ணுதல்' என்று பழைய திருப்புதல் இடத்துக்கு ஒரு சொல் வைத்தது. மூன்றாவதைக் கேலி செய்பவர்கள் கிரேக்கத்தைப் பார்க்கவில்லை. அங்கே கனியற்ற கொடிக்கு 'ஐரெய்', கனிதரும் கொடிக்கு 'கதைரெய்' என்று ஓசை ஒத்த இரு வினைகள். அடுத்த வசனத்தில் சீடர்கள் 'கதரோய்', அதாவது சுத்தமானவர்கள். பழைய திருப்புதல் சுத்தத்தைக் காப்பாற்றி ஓசையை விட்டது. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் 'தறித்து', 'கழித்து' என்று ஓசையைப் பிடித்தது. அடுத்த வசனத்தின் தூய்மையோடு இருந்த கண்ணி அறுந்தது. இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் தமிழ் இன்னும் எழுதப்படவில்லை.

கவாத்து என்றால் தண்டனை என்னும் பிரசங்கத்தை இந்தச் சொல் வரலாறே மறுக்கிறது. வேர்ப்பொருள் விதி, வளர்பொருள் பயிற்சி. கம்பத்துப் பந்தலில் கவாத்து வெட்டுபவர் கோபத்தோடு வெட்டுவதில்லை. பன்னீர் திராட்சைக்கு நாலு கண் விட்டு வெட்டுகிறார். மெலிந்த குச்சியில் ஒன்றிரண்டு கண் மட்டும் விட்டு, இந்த முறை காய்க்காமல் தழைக்கட்டும் என்று விடுகிறார். மொட்டுக்குக் கண் என்று பேர் வைத்த மொழி இது. எந்தக் கண் திறக்கும் என்று எண்ணிப் பார்த்து வெட்டுவதைத் தண்டனை என்பவர் பந்தலுக்குள் தலை நுழைத்தவர் அல்லர். வேதத்தில் சிட்சையும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் சிட்சையே சிக்ஷா, கற்பித்தல்; பிறகுதான் அது பிரம்பெடுத்தது. சிட்சையைப் பேசும் எபிரெயர் 12:11ஐப் பாருங்கள். அதில் 'பழகினவர்கள்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது உடற்பயிற்சிக் களத்துச் சொல்; 'பலன்' என்ற இடத்தில் இருப்பது கனி. மைதானமும் தோட்டமும் ஒரே வசனத்தில் கூடி நிற்கின்றன. தமிழில் அந்த இரண்டையும் ஒருங்கே சுமக்கும் சொல் கவாத்து ஒன்றே. ஈட்டியை அரிவாளாக அடிப்பதைப் பாடிய ஏசாயாவின் 2ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்ட விரும்புவோர், பாசறையிலிருந்து பந்தலுக்கு வந்த இந்தச் சொல்லையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

கவாத்து அந்நியச் சொல், வேதத்துக்கு ஆகாது என்னும் தனித்தமிழ் மறுப்புக்கு நான் செவிசாய்ப்பதாக இல்லை; திராட்சையே வடசொல், அதை விலக்கினால் அதிகாரமே நிற்காது. அடுத்த திருத்தத்தில் லேவியராகமத்திலும் ஏசாயாவிலும் கவாத்து ஏற வேண்டும். யோவானில் மட்டும் வேண்டாம். அங்கே பழைய 'சுத்தம்பண்ணுதல்' இருக்கட்டும். அடுத்த வசனத்துக்கு அது தேவைப்படுகிறது.