பாவமும் மானமும்

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து இணையாக வாழ விழைந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணை பிறப்பித்தார். ஒருபால் ஈர்ப்பைச் சிகிச்சையால் மாற்றும் முயற்சிகளை அது தடைசெய்தது. அவ்வழக்கில் பெற்றோரிடம் மனநல ஆலோசகர் பேசியபோது, மகள்கள் துறவு வாழ்வு வாழ்வதே கண்ணியம் என்றனர் அவர்கள். அவர்களது அச்சம் பெரிதும் ஊரார் பேச்சைப் பற்றியது.

நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. மானத்தைச் சமயமென்று பெயரிட்டு அழைக்கிறோம். அச்செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டன. தண்டனையில்தான் வேறுபட்டன. இமாம் ஷாஃபிஈ ஹத்து உண்டென்றார். இமாம் அபூஹனீஃபாவோ தஃஸீர் மட்டுமே என்றார். (அவருடைய மாணவர் இருவரும் ஆசிரியரை மறுத்தது மதரஸாக்களில் இன்றும் சுவையான பாடம்.) ஆயினும் விசாரணைக்குரியது செயலே, உள்ளத்து நாட்டமன்று. துருவி ஆராய்வதையோ குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது.

1860இன் தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவு ஆங்கிலேயர் ஆக்கியது. ஃபிக்ஹு நூல்களில் பிறந்ததன்று. 2018இல் உச்ச நீதிமன்றம், இசைந்து வாழும் வயதுவந்தோரை அதனின்று விடுவித்தது. பூட்டிய வீடுகள் ஒழியவில்லை. 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவிக்க நேர்ந்தது.

இத்தகைய மகளுக்கு அவசர நிகாஹ் முடிப்போர் எந்நூலைக் காட்டுவர்? முன்பே மணமான கன்ஸா பின்த் கிதாமை அவர் விருப்பமின்றித் தந்தை மணமுடித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்நிகாஹை ரத்துச் செய்தது புகாரியில் உள்ளது. கன்னிப்பெண் விஷயத்தில் ஷாஃபிஈகள் தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் தந்தனர். ஹனஃபீகளோ பருவமெய்திய மகளை எவரும் நிர்ப்பந்திக்கலாகாது என்றனர்.