கடைப் பெயர்ப்பலகை: அனுமதி கொடுப்பது யார்?

பெயர்ப்பலகைக்கு அனுமதி எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களில் அநேகர், கேட்கும்போதே பலகையை அடித்து முடித்திருப்பார்கள். உள்ளூராட்சி விடயங்களைப் பல வருடங்களாக எழுதி வருவதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். எடுக்க வேண்டும் என்பதே பதில். யாரிடம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பிரதேச சபையில் காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வீதி அகலிப்பு வரும்போதுதான், அந்தப் பற்றுச்சீட்டு வீதிக் காணிக்குச் செல்லாது என்பது தெரியவருகிறது.

முதலில் சபையின் அதிகாரத்தைப் பார்ப்போம். பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் அவற்றுக்குரிய கட்டளைச் சட்டங்கள் உண்டு. பலகைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று இந்தச் சட்டங்களில் தேடினால் கிடைக்காது. அது சபையின் உபவிதிகளிலும், அவற்றின் அடிப்படையில் சபை எடுக்கும் தீர்மானத்திலும் இருக்கும். உபவிதி அங்கீகரிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்தால்தான் செல்லுபடியாகும். ஒவ்வொரு சபையும் தனக்கென்று புதிதாக எழுத வேண்டியதில்லை. நியம உபவிதிகளைத் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொள்ளலாம். பல பிரதேச சபைகள் இன்றும் 1988 ஆகஸ்ட் 23ஆம் திகதிய 520/7ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த நியம உபவிதிகளையே சுட்டிக்காட்டிக் கட்டணம் அறவிடுகின்றன. பிளெக்ஸும் எல்ஈடியும் எட்டிப் பார்க்காத காலத்து விதிகள் அவை. கட்டண அறிவித்தல்கள் வர்த்தமானியின் உள்ளூராட்சிப் பகுதியில், அதாவது நான்காம் (ஆ) பகுதியில், வெளிவரும்.

ஆகவே பக்கத்து ஊர் நண்பர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சபைக்குச் சபை அது மாறும். போன முறை கட்டிய தொகையும் உறுதியில்லை. பெரும்பாலான சபைகளை 2023 மார்ச் முதல் உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினார்கள். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு மீண்டும் தெரிவுசெய்யப்பட்ட சபைகள் வந்துவிட்டன. கட்டணங்களைத் திருத்தும் தீர்மானம் எந்தக் கூட்டத்திலும் வரலாம்.

கட்டணம் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில், வருடத்துக்கு என்று இருக்கும். 8 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 24 சதுர அடி. இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் 48 ஆகக் கணக்கிடுவார்களா, சட்டத்தையும் சேர்த்து அளப்பார்களா, வெளிச்சம் போட்ட பலகைக்கு வேறு வீதமா என்பவற்றைப் பலகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். குளிர்பானக் கம்பனியோ தொலைபேசிக் கம்பனியோ இலவசமாகத் தரும் பலகையில் உங்கள் கடைப் பெயர் ஒரு மூலையிலும் கம்பனியின் சின்னம் மீதி இடத்திலும் இருக்கும். அதைச் சபை கடையின் பெயர்ப்பலகை என்று எடுக்குமா, கம்பனியின் விளம்பரம் என்று எடுக்குமா? இரண்டுக்கும் வீதம் வேறுபடக்கூடும். கட்டணத்தைக் கம்பனி கட்டும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். சபையின் கடிதம் வந்து சேருவது உங்கள் கடை விலாசத்துக்குத்தான். இன்னொன்று, வியாபார அனுமதிப்பத்திரம் வேறு, விளம்பரக் கட்டணம் வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றது அடங்கிவிடாது.

இனி வீதி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. மிச்சமுள்ள ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் சபைக்குரியவை. ஏ-9 வீதியில் கடை வைத்திருப்பவர் தன் சுவரில் பலகையை ஒட்ட அடிப்பது ஒரு விடயம். மதகுக்கு அப்பால், தார் ஓரத்தில் இரண்டு குழாய் நட்டுப் பலகை நிறுத்துவது முற்றிலும் வேறு விடயம். அந்த மண் அவருடையதுமல்ல, சபையுடையதுமல்ல. வீதியின் ஒதுக்கு நிலம் கண்ணுக்குத் தெரியும் தாரோடு முடிவதில்லை. கடை முன்வாசல் வரை, சில இடங்களில் அதற்கு உள்ளேயும், வீதி எல்லைக்கோடு வரும். அது எங்கே ஓடுகிறது என்பதைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டுப் பெறலாம். காணி வாங்கியவர்களிடம் அந்தச் சான்றிதழ் ஏற்கனவே உறுதியோடு இருக்கக்கூடும். வாடகைக் கடைக்காரர்கள் உரிமையாளரிடம் பிரதி கேளுங்கள். ஒதுக்கு நிலத்தில் அனுமதியின்றி நட்ட பலகையை அகற்றும்போது நட்டஈடு கேட்க உங்கள் கையில் எதுவும் இராது.

என் தங்கச்சி தையல்கடை திறந்தபோது பலகையைச் சுவரில்தான் அடித்தாள். சில மாதங்களில் சபையிலிருந்து ஒருவர் வந்து அளந்து, ஒரு தொகையைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த உபவிதி, எந்த வீதம் என்று அதில் ஒன்றுமில்லை. நான் சபைக்குப் போய்க் கேட்டேன். "எல்லாரும் கட்டுறவைதானே, தம்பி" என்றார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விளம்பர உபவிதியின் பிரதியையும் நடப்பு வருடக் கட்டண அட்டவணையையும் கேட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அட்டவணை வந்தது. துண்டில் இருந்த தொகை வெளிச்சப் பலகைக்குரிய வீதத்தில் போடப்பட்டிருந்தது. அவளுடையது வெறும் தகரப் பலகை. தொகை குறைந்தது, அவள் கட்டினாள், பற்றுச்சீட்டை லமினேட் செய்து வைத்திருக்கிறாள். யாரையும் பகைக்க வேண்டியிருக்கவில்லை. பிரதி கேட்பதைச் சண்டை பிடிப்பதாக நினைத்தே நம்மில் பலர் பேசாமல் கட்டிவிடுகிறோம், அல்லது பேசாமல் கட்டாமல் விடுகிறோம்.

நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பிரதேசங்களில் இன்னொரு படி இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி கட்டமைப்பு ஒன்றை எழுப்புவதும் அபிவிருத்தி வேலைதான். கூரைக்கு மேலே இரும்புச் சட்டம் எழுப்பிப் பெரிய பலகை வைப்பவர்கள் அபிவிருத்தி அனுமதி பற்றிக் கேட்டே ஆக வேண்டும். அந்த அதிகாரம் பெரும்பாலும் சபைக்கே கையளிக்கப்பட்டிருப்பதால் விண்ணப்பம் அங்கேயே போகும். இதை வெறும் கடதாசி வேலையாக எண்ண வேண்டாம். வடக்கு கிழக்கில் நவம்பர், டிசம்பர் காற்றில் விழும் பலகை வீதியால் போகிறவரின் தலையில்தான் விழும். மின்கம்பத்தில் பலகை கட்டுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கம்பம் சபையினுடையதல்ல, அதில் ஓடுவது மின்சாரம்.

தற்காலிகப் பதாகைகளுக்கும் பல சபைகளில் கட்டணமும் கால எல்லையும் உண்டு. சாமத்திய வீட்டு வாழ்த்து, பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் படம், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா எல்லாமே சந்தியில் ஒரே வேலியில் தொங்குகின்றன. அஞ்சலிப் பதாகைக்குக் காசு கேட்கச் சபை உத்தியோகத்தரும் கூச்சப்படுகிறார், கழற்ற உறவினர்களும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் வளைவில் எதிரே வரும் வாகனத்தை மறைக்கும் பதாகை எவருடையதானாலும் கழற்றப்பட வேண்டியதே.

எழுத்து விடயத்தில், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரங்களைத் தடை செய்கிறது. சபை அனுமதித்தாலும் அது செல்லாது. தனியார் கடைப் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. அரச நிறுவனங்களின் கதை வேறு. சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த நூலகத்தின் பலகையில் தமிழ் இல்லாதது 2021இல் பேசுபொருளாகி, அந்தப் பலகை அகற்றப்பட்டது. இப்படியானவற்றை அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, பலகையின் அளவு, வரைபடம், நிறுத்தும் இடத்தின் புகைப்படம், கடை வாடகையானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு செயலாளருக்கு எழுதுங்கள். பலகை வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த வீதிக்குரிய நிறுவனத்தின் அனுமதியையும் அதே வாரத்தில் கேளுங்கள். இரண்டு கடிதத்திலும் மற்றையதைக் குறிப்பிடுங்கள். எங்கள் பக்கம் ஆட்சேபனை இல்லை என்று வாயால் சொல்வதை அனுமதியாக எடுக்க வேண்டாம். சபை பதில் தராவிட்டால் மாவட்டத்தில் உள்ள உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் போகலாம். தகவல் கோரிக்கை மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

வருட முடிவில் அனுமதி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல சபைகளில் கணக்கு டிசம்பர் 31உடன் முடியும். நவம்பரில் கட்டினால் இரண்டு மாதத்துக்கு முழு வருடக் கட்டணம் போகுமா, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து எடுப்பார்களா என்பதை வருமானப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.