அத்தி வரதர் நாளும் ஆவணி முகூர்த்தமும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடியும் நேரத்தில் இன்றும் சில தெருக்களில் தறிக்கான பாவு விரிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது வெயிலுக்கு முன்னால் கார் வந்துவிடுகிறது.

காஞ்சிபுரத்தின் நெரிசலைப் பற்றிப் பேசினால் எனக்கு 2019-ம் ஆண்டின் இரண்டு மாதங்கள்தான் நினைவுக்கு வரும். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், கோயில் குளத்தடியில் இருக்கும் பெருமாளான அத்தி வரதருக்கு விழா. 1979-க்குப் பிறகு அப்போதுதான் குளத்திலிருந்து எழுந்தருளினார். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.64 லட்சம் பேர் வாழ்ந்த ஊருக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்துபோனார்கள். ஊர் எப்படித் தாங்கியது? வெளியூர் வண்டிகளை ஓரிக்கை, ஒலிமுகமதுபேட்டை போன்ற ஊர் எல்லைகளிலேயே நிறுத்தி, தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து, அங்கிருந்து சிற்றுந்துகளில் ஆட்களை உள்ளே கொண்டுவந்தார்கள். செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதையும் கைகொடுத்தது. சலுகைச் சீட்டு வைத்திருந்தவர்களின் கார்கள் மட்டும் கோயில் பக்கம் வரை போயின. நம் நாட்டில் சலுகை இல்லாமல் எதுவும் நடக்காது.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். சாலையில் தடுத்த நெரிசல் தரிசன வரிசையில் போய்த் தேங்கியது. ஜூலை 18 அன்று கூட்டத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

ஆடி முடிந்தது, அத்தி வரதர் குளத்துக்குத் திரும்பினார். ஆவணி பிறந்ததும் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் கார்கள் காந்தி சாலையை நிறைத்தன. ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு கார். அவர்கள் நான்கு மணி நேரம் புடவை பார்க்கும்வரை இரண்டும் கடை வாசலில். மீதியிருக்கும் இடைவெளியில் பஸ், ஷேர் ஆட்டோ, சைக்கிள். பேருந்து நிலையமும் ஊர் நடுவில்தான்.

கூட்டத்தை வைத்துப் பார்த்தால் ஆவணி நாள் அத்தி வரதர் நாளுக்குக் கால் தூசு. ஆனால் ஆவணியில் யாரும் ஆளை எண்ணுவதில்லை, வண்டிக்குத்தான் வழி தேடுகிறார்கள். வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை தெளிவாகச் சொல்கிறது. காஞ்சியில் அது 48 நாள் நடைமுறையில் இருந்தது என்பேன்.

ஆனால் சாலைக்கான பணம் போகும் இடம் வேறு. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை ஊருக்குள் வராமல் வடக்கே ஒதுங்கிப் போகிறது. அதை ஆறு வழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. முடிந்தால் நல்லதுதான், கார்கள் இன்னும் சீக்கிரமாக வந்து அதே காந்தி சாலையில் நிற்கும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின் வரும் அந்தச் சில கிலோமீட்டருக்குத்தான் கேட்பாரில்லை.

அத்தி வரதர் நாள்களில் செய்ததுபோல் காரை ஊர் எல்லையில் நிறுத்தச் சொன்னால் வாடிக்கையாளர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்பது கடைக்காரர்களின் கவலை. அதில் பாதி நியாயம். சாமி பார்க்க மணிக்கணக்கில் நின்றவர்கள் மகளின் கூறைப்புடவைக்காகப் பத்து நிமிடம் சிற்றுந்தில் வரமாட்டார்களா என்பது என் பாதி. முகூர்த்த நாள்களில் மட்டுமாவது செய்து பார்க்கலாம். நெய்த புடவையை மஞ்சள் பையில் போட்டு டிவிஎஸ் 50-ல் நெசவாளர் சங்கத்துக்குக் கிளம்பும் பிள்ளையார்பாளையத்துக்காரர், அதை வாங்க வந்த காருக்குப் பின்னால்தான் இன்று ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார்.