ஒரு பணமும் நாலாயிரம் பணமும்

நம் பிள்ளைகள் போதைக்கு அடிமையாகிறார்களே என்ற கவலைக் குரல் இன்று கடற்கரைப் பங்குகள் எங்கும் கேட்கிறது. இது நேற்று வந்த கேடு என்றும், காலத்தின் கோலம் என்றும் சொல்லி நாம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். முத்துக்குளித்துறையின் வரலாறு அந்த ஆறுதலுக்கு இடந்தரவில்லை. இதே கரையில், ஏறத்தாழ நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே போதையைப் பற்றிய கவலை எழுந்தது. அன்று எடுக்கப்பட்ட முயற்சிகளுள் எது நிலைத்தது, எது மறைந்தது என்று அறிவது நம் இன்றைய கடமையைத் தெளிவாக்கும்.

தூய சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்கள், மறைக்கல்வி புகட்டுவார் இன்றி இருந்த காலம் அது. தம்மோடு உழைத்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு 1544-இல் அவர் எழுதிய மடல்களுள் ஒன்றில் புன்னைக்காயலைப் பற்றிய கட்டளை உண்டு. சாராயம் குடிக்கும் பெண் ஒரு பணம் அபராதம் கட்ட வேண்டும். மூன்று நாள் காவலில் இருக்க வேண்டும். இதனை ஊரறிய அறிவிக்க வேண்டும். பணம் என்பது அந்நாளைய நாணயம். கட்டளை அதோடு நிற்கவில்லை. இனியும் ஊரில் சாராயம் குடிக்கப்பட்டால், அதற்குரிய விலையைப் பட்டங்கட்டிகளே கொடுக்க நேரிடும் என்றும் அவர் எச்சரித்தார். குடித்தவரைத் தண்டித்த அதே மடல் ஊர்த் தலைவர்களையும் பொறுப்பாளிகளாக்கியது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் வேறொரு பணியும் நடந்தது. கையில் மணியேந்தி ஊர்தோறும் சென்று சிறுவர்களையும் ஆடவர்களையும் அவர் கூட்டினார். நாளுக்கு இருமுறை தமிழில் செபங்களைக் கற்பித்தார். கற்ற சிறுவர்கள் தம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்றார். அவர் நோயாளிகளிடம் தம் செபமாலையைக் கொடுத்தனுப்பியதும் சிறுவர்களின் கையில்தான். உண்ணவும் உறங்கவும் விடாமல் பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்துகொள்வதை 1544 சனவரியில் உரோமைக்கு எழுதிய மடலில் மகிழ்வோடு குறிக்கிறார். அவர் ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். அவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது? முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் நாலாயிரம் பணம் சென்றுகொண்டிருந்தது. அதனைப் பிள்ளைகளின் மறைக்கல்விக்குக் கேட்டுப் பெற்றார் சவேரியார். அரசியை விண்ணகம் ஏற்றுதற்கு இக்கரைப் பிள்ளைகளைவிடச் சிறந்த காலணி இல்லை என்று அவர் எழுதியதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

ஒரு பணம் அபராதம். நாலாயிரம் பணம் கல்வி. இவ்விரண்டில் எது நிலைத்தது? அபராதக் கட்டளை அதனை இட்டவரோடு போயிற்று; சாராயம் போகவில்லை. கணக்கப்பிள்ளைகளின் பணியோ தலைமுறைகளைத் தாண்டி நின்றது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை அகற்றியபோதும் இம்மக்களின் விசுவாசம் அணையவில்லை. குருக்கள் இல்லாத வீடுகளில் செபம் ஒலித்தது, பிள்ளைப் பருவத்தில் அது கற்பிக்கப்பட்டிருந்ததால் அன்றோ!

அரசின் சட்டங்களும் ஒரு நிலையில் நின்றதில்லை. 1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவை வருவாய்க்குரிய பொருளாக ஒழுங்குபடுத்தியது. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, 1974-க்குள் திரும்பியது, 1981-இல் மீண்டும் நீங்கியது. 2003 முதல் மது விற்பனைக் கடைகளையே அரசு நிறுவனம் நடத்துகிறது. கடைகள் மூடித் திறந்த இந்த அரை நூற்றாண்டில், மூடியிருந்த ஆண்டுகளிலும் திறந்திருந்த ஆண்டுகளிலும் பிள்ளையைக் காக்கும் பொறுப்பு வீட்டிற்கும் ஊருக்கும் இருந்தே வந்தது.

இதற்கிடையே கடலின் முகம் மாறியது. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. 2021 ஏப்ரலில், பனாமாவிலிருந்து மரத்தடிகளுடன் வந்த கொள்கலன் ஒன்றில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொக்கெயின் இத்துறைமுகத்தில் பிடிபட்டது. 2024 மார்ச்சில், மன்னார் வளைகுடாவில் இலங்கை நோக்கிச் சென்ற படகில் 99 கிலோ போதைப்பொருள் சிக்கியது. முத்தும் சங்கும் சென்ற நீர்வழியில் இன்று நஞ்சும் செல்கிறது.

ஆயினும் நம் பிள்ளைகளைப் பிடிப்பது கொக்கெயின் அன்று. கஞ்சாப் பொட்டலமும், உதட்டடியில் ஒதுக்கும் புகையிலையும், வலிநிவாரணி மாத்திரையும், சைக்கிள் டியூப் ஒட்டும் பசையும் அவர்கள் கைக்கு எட்டுபவை. நடுவண் அரசுக்காக 2018-இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.17 சதவீதத்தினர் முகர்ந்து மயங்கும் பொருள்களைப் பயன்படுத்தினர். பெரியவர்களில் இது 0.58 சதவீதமே. ஆராயப்பட்ட போதைப்பொருள்களுள் பெரியவரைவிடச் சிறுவரிடம் மிகுந்திருந்தது இது ஒன்றுதான்.

ஏன் விழுகிறார்கள்? கரைவாழ்வைக் கூர்ந்து நோக்கினால் காரணங்கள் புலப்படும். பள்ளியை விட்டுப் படகேறிய பதினாறு வயதுப் பிள்ளையின் கையில், பெரியவருக்குரிய கூலி அன்றன்றே விழுகிறது. அதைக் காத்து வைக்கும் பழக்கம் அவனுக்கு வாய்க்கவில்லை. ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும், புயல் எச்சரிக்கை நாள்களிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பிள்ளைகளின் நேரமும் வெறுமையாய்க் கிடக்கிறது. களைப்புக்கும் குளிருக்கும் குடியே மருந்து என்று மூத்தோர் செயலால் கற்பிக்கின்றனர். திருமணம், திருவிழா, துக்கம் எதிலும் மது இல்லாமல் இல்லை. இறுதியாக, வீட்டில் ஒருவன் விழுந்தால் மானம் கருதி மறைக்கிறோம்; மறைத்த நோய் முற்றுகிறது.

மற்றொரு துறைமுக நகரம் நமக்குப் பாடம் புகட்டுகிறது. அயர்லாந்தின் டப்ளினில் 1856-இல் பிறந்த மாத் தால்பட், பன்னிரண்டு வயதில் மதுப்புட்டி நிரப்பும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடியைக் கற்றார். தந்தை கண்டித்து, தாம் பணிபுரிந்த துறைமுகக் கிடங்குக்கே மகனை மாற்றினார். அங்கே விஸ்கி கிடைத்தது. கண்டிப்பும் இடமாற்றமும் பயன்படவில்லை. 1884-இல், இருபத்தெட்டாம் வயதில், மூன்று மாதம் குடிப்பதில்லை என்று ஒரு குருவின் முன் உறுதி எடுத்தார். அந்த உறுதி புதுப்பிக்கப்பட்டு 1925-இல் அவர் இறக்கும் வரை நீடித்தது. நாள்தோறும் திருப்பலி, வழிகாட்டும் குருக்கள், கடும் உழைப்பு ஆகியவை அவரைத் தாங்கி நின்றன. இன்று அவர் திருச்சபையின் வணக்கத்துக்குரியவர்.

சட்டத்தை நாம் பயன்படுத்தத் தவறக்கூடாது. சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்க 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. பள்ளிகளைச் சுற்றி நூறு கெசத்துக்குள் புகையிலை விற்பதும் குற்றமே. தண்டனை விற்பவனைத் தேடட்டும். விழுந்தவனைச் சிகிச்சை தேடட்டும். தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு, சிறு குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவு 1985-இன் போதைப்பொருள் சட்டத்திலேயே உண்டு. 14446 என்ற கட்டணமில்லா எண் அறிவுரை தருகிறது. போதை அடிமைநிலை நோய் என்பதைப் பங்கு மேடையிலிருந்தே நாம் துணிந்து கூற வேண்டும்.

அதனினும் முதன்மையானது, விழுமுன் காப்பது. மாலையில் விளக்கெரியும் படிப்பகம், தடைக்காலத்தில் தொழிற்பயிற்சி, விளையாட்டுத் திடல், கூலியைச் சேமிக்கக் கற்பிக்கும் அன்பியம், பிள்ளையின் பெயரறிந்து அவன் வராத நாளில் வீடு தேடிச் செல்லும் ஆசிரியர்: இவையே இக்காலத்துக் கணக்கப்பிள்ளைகள். இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்போர் உண்டு. பங்குத் திருவிழாவின் வாண வேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஆகும் செலவை நாம் அறிவோம். அரசியின் காலணிப் பணம் பிள்ளைகளுக்குத் திரும்பிய கரை இது. நம் காலணிப் பணம் எது என்பதை ஒவ்வொரு பங்குப் பேரவையும் இவ்வாண்டே கணக்கிட்டுப் பார்க்கட்டும். குடித்த பிள்ளையிடம் ஒரு பணம் தண்டம் கேட்குமுன், அவன் குடிக்காதிருக்க நாம் எத்தனை பணம் செலவிட்டோம் என்ற கேள்விக்கு, அன்றைய பட்டங்கட்டிகளைப் போல நாமும் பதில் சொல்லியாக வேண்டும்.