மொன்றியல் கைவிட்ட உலகக் கிண்ணம்

2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் கடைசி வாரத்தில் எங்கள் இல்-பிசார் தீவுக்கு உலகமே வந்ததுபோல இருந்தது. 1873இல் தொடங்கப்பட்ட றோயல் மொன்றியல் கோல்ஃப் கழகம் 1959 முதல் இந்தத் தீவில்தான் இருக்கிறது. பிரசிடென்ற்ஸ் கிண்ணப் போட்டி இரண்டாவது தடவையாக அங்கே நடந்தது. முதல் தடவை 2007இல். மொன்றியல் பக்கமிருந்து தீவுக்குள் வர இருப்பது ஒரேயொரு பாலம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் ஆராதனைக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வீட்டை விட்டுப் புறப்பட்டோம்.

அன்று ஞாயிறு பாடசாலை முடிந்ததும் பன்னிரண்டு வயதுத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்: “அண்ணா, கோல்ஃப் எங்கடை தீவுக்கே வருது. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் மட்டும் ஏன் மொன்றியலுக்கு வரேல்லை?”

நல்ல கேள்வி. 2026 உலகக் கிண்ணத்தை கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. 48 அணிகள், 104 ஆட்டங்கள். கனடாவுக்குக் கிடைத்தவை 13. அவற்றில் ரொறன்ரோவுக்கு 6, வான்கூவருக்கு 7. நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்துக்கு ஒன்றுமில்லை. மொன்றியலை யாரும் ஒதுக்கவில்லை. மொன்றியல்தான் கேட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்றது. ஏன் என்று விளங்க வேண்டுமானால் ஐம்பது வருடம் பின்னுக்குப் போக வேண்டும்.

1970 மே மாதம் அம்ஸ்ரர்டாமில் கூடிய ஒலிம்பிக் குழு, மொஸ்கோவையும் லொஸ் ஏஞ்சல்சையும் விட்டுவிட்டு 1976 விளையாட்டுகளை மொன்றியலுக்குக் கொடுத்தது. அதைக் கொண்டுவந்தவர் நகரபிதா ஜோன் டிராப்போ. 1967 உலகக் கண்காட்சியை வெற்றியாக நடத்திக் காட்டியவர் என்பதால் அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. அடக்கமான விளையாட்டு, 310 மில்லியன் டொலர் போதும் என்றார். நாணயம், முத்திரை, அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றே செலவை ஈடுகட்டிவிடலாம் என்பது திட்டம். (சீட்டுப் பணத்தை நம்பிய திட்டத்தைப் பற்றி எங்கள் சபைப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.) ஒரு ஆண் எப்படிப் பிள்ளை பெற மாட்டானோ அப்படியே ஒலிம்பிக்கும் நட்டப்படாது என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். பின்னாளில் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர் அவரைக் கர்ப்பிணியாகவே வரைந்துவிட்டார்.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் றொஜே தைலிபேர் வரைந்த மைதானம் கண்ணுக்கு அழகானது, கட்டுவதற்குக் கடினமானது. தூண்களே இல்லாத வளைந்த கொங்கிறீற்று விலா எலும்புகள், அவற்றின்மேல் 45 பாகை சரிந்த ஒரு கோபுரம், கோபுரத்திலிருந்து தொங்கும் கம்பிவடங்களால் குடைபோலத் திறந்து மூடும் கூரை. வேலைநிறுத்தங்கள் வந்தன. மொன்றியல் குளிர் வந்தது. எண்ணெய் விலையோடு எல்லாப் பொருட்களின் விலையும் ஏறியது. 1975 நவம்பரில் கியூபெக் மாகாண அரசு வேலையை நகரசபையின் கையிலிருந்து பறித்துத் தானே பொறுப்பெடுத்தது. கட்டும்போது விபத்துகளில் பத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். விளையாட்டுகள் தொடங்கியபோது கோபுரம் பாதியில் நின்றது. கூரை இல்லை.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கோபுரம் கட்டப் புறப்பட்ட ஒருவனைப் பற்றிச் சொல்வதை நாமெல்லோரும் சிறுவயதில் மனனம் செய்திருக்கிறோம். மொன்றியல் பிள்ளைகளுக்கு அதை விளக்கப் படம் எதுவும் வரையத் தேவையில்லை, பச்சைக்கோட்டு மெற்றோவில் ஏறிப் பி-நொவ் நிலையத்தில் இறங்கினால் போதும்.

அந்தப் பாதிக் கோபுரத்தின் கீழேதான் 1976 யூலை 31 அன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் ஒலிம்பிக் உதைபந்தாட்ட இறுதியாட்டம் நடந்தது. கிழக்கு ஜேர்மனி 3, போலந்து 1. இந்த நகரம் நடத்திய முதலாவது பெரிய சர்வதேச உதைபந்தாட்டம் அது. ஆனால் 16 அணிகள் ஆட வேண்டிய போட்டியில் 13தான் ஆடின. நிறவெறி நடைமுறையிலிருந்த தென்னாபிரிக்காவுக்கு நியூசிலாந்தின் றக்பி அணி போய் விளையாடியதை எதிர்த்து ஆபிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. கானா, நைஜீரியா, சாம்பியா வீரர்கள் ஆடாமலே திரும்பினார்கள். அவர்கள் இழந்தது பதக்கம் மட்டுமல்ல, வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு.

கணக்கைப் பார்த்தபோது கடன் ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர். நீதிபதி அல்பேர் மலூஃப் விசாரித்து 1980இல் கொடுத்த அறிக்கை நகரபிதாவின்மேல் பெரும் பழியைச் சுமத்தியது. கோபுரமும் கூரையும் 1987இல்தான் முடிந்தன. மக்கள் மைதானத்தைச் செல்லமாக ‘பிக் ஓ’ என்று அழைத்தார்கள். அதே ஒலியில் கடன்படுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இருப்பதால் அந்தப் பெயர் கேலியாகவும் நிலைத்துவிட்டது.

கடனை யார் கட்டினார்கள் என்பதில்தான் நம்முடைய கதையும் சேர்கிறது. மாகாண அரசு 1976இல் புகையிலைக்கு ஒரு விசேட வரி போட்டது. விற்ற ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் ஒலிம்பிக்குக்கு ஒரு பங்கு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியாக வந்து, உணவகச் சமையலறைகளில் இரவிரவாகக் கோப்பை கழுவி, பின்கதவுக்கு வெளியே பனியில் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்த எங்கள் சித்தப்பாமார், மாமாமார் எல்லோரும், தாங்கள் கண்ணாலும் காணாத விளையாட்டுக்குக் கடன் கட்டியவர்கள். (புகைக்காமல் இருந்திருந்தால் கட்டத் தேவையில்லை என்று அம்மாமார் சொல்வார்கள். அதுவும் சரிதான்.) கடைசித் தவணை 2006இல் கட்டி முடிந்தது. முப்பது வருடம். 1976இல் பிறந்த பிள்ளை முப்பது வயதாகும் வரைக்கும்.

கூரையின் கதையோ இன்னும் முடியவில்லை. திறந்து மூட வேண்டிய துணிக்கூரை காற்றில் கிழிந்துகொண்டே இருந்தது. 1991இல் 55 தொன் கொங்கிறீற்று உத்தரம் ஒன்று விழுந்தது, அதிர்ஷ்டவசமாக யாரும் கீழே இல்லை. பிறகு போட்ட புதிய கூரையின் ஒரு பகுதி 1999 ஜனவரியில் பனியின் பாரம் தாங்காமல் இடிந்தது. அதன்பின் பனிக்காலத்தில் மைதானத்தைப் பாவிப்பதே வானிலையைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

இவ்வளவும் இருந்தும் உதைபந்தாட்டம் அங்கே வந்துகொண்டுதான் இருந்தது. 2007இல் 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் உலகக் கிண்ண ஆட்டங்கள். 2014இல் 20 வயதுக்குட்பட்ட பெண்களின் இறுதியாட்டம், நைஜீரியாவை ஜேர்மனி மேலதிக நேரத்தில் 1-0 என்று வென்றது. 2015இல் பெண்கள் உலகக் கிண்ணம். பிரேசிலின் மார்த்தா தன் 15ஆவது உலகக் கிண்ண கோலை அடித்து, பெண்களில் எவரும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்டது இங்கேதான். யூன் 30 அன்று அமெரிக்காவும் ஜேர்மனியும் மோதிய அரையிறுதியை ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள், அமெரிக்கா 2-0.

தங்கைமார் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. அந்தப் போட்டி முழுவதும் செயற்கைப் புல்லில் நடந்தது. ஆண்களை அப்படி ஆடச் சொல்வீர்களா என்று அபி வம்பாக் முதலான வீராங்கனைகள் 2014இல் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, பிறகு நேரம் போதாமல் மீளப் பெற்றார்கள். 2026இல் ஆண்களுக்காக வான்கூவரில் செயற்கைப் புல் அகற்றப்பட்டு இயற்கைப் புல் போடப்படுகிறது. அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். 2018 யூன் 13 அன்று மொஸ்கோவில் மூன்று நாடுகளின் விண்ணப்பம் மொறோக்கோவை 134க்கு 65 என்று வென்றபோது, கனடாவின் பட்டியலில் ரொறன்ரோ, எட்மன்ரன், மொன்றியல் மூன்றும் இருந்தன. வான்கூவர் அதற்கு முன்னரே விலகியிருந்தது. செலவுக்கு எல்லை போடாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட பிரிட்டிஷ் கொலம்பியா அரசு மறுத்துவிட்டது. 2021 யூலையில் கியூபெக் அரசும் அதையே செய்தது. மாகாணத்தின் பங்கு 100 மில்லியன் டொலரைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டது. பெருந்தொற்றின் நடுவே அந்தச் செலவை மக்களுக்கு நியாயப்படுத்த முடியாது என்றார்கள். மாகாணம் விலகியதும் நகரமும் விலகியது. அடுத்த வருடம் வான்கூவர் மனம் மாறித் திரும்பி வந்து இடம் பிடித்தது. எட்மன்ரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு வந்த எண்களைப் பார்த்துக் கோபம் தணிந்தது. 2018இல் 30 முதல் 45 மில்லியன் என்று சொன்ன ரொறன்ரோவின் கணக்கு 2024இல் 380 மில்லியன். 2022இல் 240 முதல் 260 மில்லியன் என்று சொன்ன வான்கூவரின் கணக்கு 2025இல் 532 முதல் 624 மில்லியன். மொன்றியல் ஒருமுறை சுடுபட்டதால் இம்முறை முதலில் இருந்து கணக்குப் பார்த்தது.

ஆனாலும் முழு மனதோடு என்னால் மெச்ச முடியவில்லை. 2024 பெப்ரவரியில் அதே அரசு அதே மைதானத்தின் கூரைக்கு 870 மில்லியன் டொலர் ஒதுக்கியது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கிழிசல்கள் உள்ள கூரையை மாற்றத்தான் வேண்டும். இடித்துத் தள்ளுவதென்றால் 2 பில்லியன் ஆகும் என்றார் சுற்றுலா அமைச்சர். உலகக் கிண்ணத்துக்கு 100 மில்லியன் இல்லை என்றவர்கள், உலகக் கிண்ணம் இல்லாமலே அதைவிட எட்டு மடங்குக்கு மேல் செலவு செய்ய வேண்டியதாயிற்று. பழைய கடன் 2006இல் தீர்ந்தது என்று எழுதினேன். கட்டடம் நிற்கும் வரைக்கும் அது உண்மையில் தீரவில்லை போலும்.

தம்பிக்கு இதையெல்லாம் வாகனத் தரிப்பிடத்தில் நின்றே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நான் ரொறன்ரோ மாமா வீட்டை போறன்” என்றான். கனடாவின் முதல் ஆட்டம் அங்கே யூன் 12, வெள்ளிக்கிழமை. சீட்டு விலையைப் பார்த்த மாமா, வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.